சோம்பல் அல்ல, சோகை!
தோட்டப்புற வாழ்வில் இரும்புச் சத்தின் வரலாறு

இருள் இன்னும் பிரியவில்லை. தோட்டத்து மணி அடித்ததும் லயங்களிலிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். பெரட்டுக் களத்தில் வரிசை நிற்கிறது. கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கிராணி செக்ரோலில் குறித்துக் கொள்கிறார். அந்த வரிசையில் ஒருத்தியின் முகம் மட்டும் வெளுத்திருக்கிறது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மரம் நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்குகிறது; நெஞ்சு படபடக்கிறது. கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்தால், "வேலைக் கள்ளி" என்று ஏச்சு விழுகிறது. வெட்டிய மரம் குறைந்தால் கூலியும் குறைகிறது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களும் பலர் இருப்பார்கள். ஆனால், அந்தப் பெண்ணுக்கு இருந்தது சோம்பல் அல்ல. அவள் இரத்தத்தில் இரும்பு இல்லை. உடலில் இருக்க வேண்டிய சில கிராம் இரும்பு குறைந்துபோனதால் ஒரு மனிதரின் உழைப்பும் கூலியும் மட்டுமன்றி நல்ல பெயரும் சேர்ந்து போயின. மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்டு, அளந்து, மெய்ப்பிப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெரிய இடம் உண்டு.

கொக்கிப் புழுவைத் தேடி

இந்தக் கதை தொடங்கிய இடம் தோட்டம் அல்ல, இத்தாலி. 1838இல் மிலான் நகர மருத்துவர் ஆஞ்சலோ டுபினி, இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் குடலை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் விவரிக்காத ஒரு புழுவைக் கண்டார். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். குடலின் உள்சுவரைக் கடித்துப் பற்றிக்கொள்ளும் வாய். பின்னாளில் கொக்கிப் புழு என்று பெயர்பெற்றது இதுவே. ஆனால், இந்தச் சிறு புழுவால் பெரிய கேடு வரும் என்று அன்று பலரும் நினைக்கவில்லை.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் 1872 முதல் 1882 வரை அமைக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் வெப்பமும் ஈரமும் மிகுந்திருந்தன; கழிப்பிட வசதி இல்லை. அங்கே பாடுபட்ட தொழிலாளர்கள் வெளுத்து, வீங்கி, நடக்க முடியாமல் விழுந்தார்கள். 1880இல் தூரின் நகரைச் சேர்ந்த எதோவார்தோ பெரோன்சிட்டோ, இந்தச் சோகைக்கும் கொக்கிப் புழுவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்.

புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது? கெட்ட தண்ணீரும் அழுக்குக் கையும்தான் காரணம் என்று எண்ணியிருந்த காலம் அது. 1898இல் கெய்ரோ நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில், புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தவறுதலாகச் சிந்தியது. சிந்திய இடம் அரித்தது, சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. மனிதத் தோலைத் துளைத்தே இந்தப் புழு உள்ளே போகிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. தோல் வழியே இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் குடலில் குடியேறுகிறது. செருப்பில்லாத கால்தான் அதற்குத் திறந்த வாசல்.

1899இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர் பெய்லி ஆஷ்ஃபோர்ட், அங்குள்ள ஏழை உழைப்பாளிகளின் சோகைக்கு இதே புழுதான் காரணம் என்று கண்டார். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற அறிஞர், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இது பரவிக் கிடப்பதை அறிவித்தார். அதைச் செய்தியாக வெளியிட்ட நியூயார்க் நாளேடு ஒன்று, சோம்பேறித்தனத்தின் கிருமி அகப்பட்டுவிட்டது என்று கேலியாகத் தலைப்பிட்டது. நாடே சிரித்தது. ஆனால், அந்தக் கேலிக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. ஏழைகளைச் சோம்பேறிகள் என்று தூற்றிய சமுதாயம், அது குணக்கேடு அல்ல, நோய் என்பதை முதன்முறையாகக் காதில் வாங்கியது. 1909இல் ஜான் டி. ராக்கஃபெல்லர் இந்தப் புழுவை ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் வழங்கினார். பின்னர் அந்தப் பணி கடல் கடந்து பரவியது.

மலாயாவுக்கு வந்த ஆய்வுக் குழு

அப்படிப் பரவியதன் ஒரு பகுதியாக, 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அமைப்பின் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் ஆய்வு நடத்தியது. பனாமா கால்வாய்ப் பகுதியில் மருத்துவ ஆய்வுக்கூடத்தை நடத்திப் புகழ்பெற்ற சாமுவேல் டார்லிங் இதற்குத் தலைமை ஏற்றார். பார்பர், ஹேக்கர் ஆகிய இருவரும் அவருடன் பணியாற்றினார்கள். கொக்கிப் புழுவையும் மலேரியாவையும் ஒருசேர ஆராய்ந்த இவர்களின் அறிக்கை 1920இல் வெளிவந்தது.

இந்தக் குழுவின் வேலைமுறை குறிப்பிடத்தக்கது. புழு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏனெனில், பத்துப் புழு உள்ளவரும் சில நூறு புழு உள்ளவரும் ஒன்றல்லர். எண்ணிக்கை கூடக்கூடத்தான் சோகை கடுமையாகிறது.

கொக்கிப் புழுவுக்கு ரப்பர்த் தோட்டத்தைவிட ஏற்ற இடம் அமைவது அரிது. மரங்களின் நிழல், எப்போதும் ஈரமான மண், விடியற்காலைப் பனி. பால் வெட்டும் வேலையோ அந்த நேரத்தில்தான். வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வர வேண்டும். கழிப்பிடம் இல்லாத தோட்டங்களில் மக்கள் ஒதுங்கிய இடமும் அதே மரக்காடுதான். ஒருவர் வயிற்றிலிருந்து மண்ணுக்கு வந்த முட்டை, குஞ்சாகி அடுத்தவர் காலில் ஏறியது. காலில் ஏற்பட்ட அரிப்பைச் சேற்றுப்புண் என்று எண்ணி மஞ்சள் பூசியவர்களுக்கு, உள்ளே போனது என்ன என்பது தெரிய வழியில்லை.

இதோடு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. 1901இல் கிள்ளான் வட்டாரத்தில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடிகட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தியது தனி வரலாறு. மலேரியா சிவப்பணுக்களை உடைக்கிறது. கொக்கிப் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே உடலில் இருந்தால் அந்த உடலில் எஞ்சுவது என்ன?

வரவும் செலவும்

இதைப் புரிந்துகொள்ள இரும்பின் கணக்கைப் பார்க்க வேண்டும். வளர்ந்த மனிதரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் உண்டு. ஓர் ஆணியளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் பெற்ற பிராண வாயுவைத் தசைக்கும் மூளைக்கும் சுமந்து செல்வது இதுதான். இரும்பு குறைந்தால் சுமக்கும் வண்டிகள் குறைகின்றன. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதனால்தான் படபடப்பும் மூச்சு வாங்குதலும்.

1937இல் இங்கிலாந்தின் மெக்கேன்ஸ், எல்சி விடோசன் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஒரு முக்கிய உண்மையை விளக்கினார்கள். மிகுந்த இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலுக்குக் கிடையாது. எவ்வளவை உள்ளே விடுவது என்பதைக் குடல்தான் முடிவு செய்கிறது. ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் இயல்பாக இழப்பாகிறது. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இந்த இழப்பு சராசரியாக ஒன்றரை மில்லிகிராம். ஒரு கருவைச் சுமந்து பெற்றெடுக்க மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும்.

வரவு எப்படி? உண்ணும் இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி எளிதாகச் சேரும். அரிசி, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ளது மிகக் குறைந்த அளவே சேரும். தோட்டத்துச் சாப்பாட்டில் தீட்டிய வெள்ளரிசிச் சோறே பெரும்பங்கு. பருப்பும் கீரையும் கருவாடும் தொட்டுக்கொள்ளும் அளவில்தான். வரவு ஏற்கெனவே மெலிந்தது.

இப்போது புழுவின் செலவைச் சேர்த்துப் பார்க்கலாம். கொக்கிப் புழுவின் இரு வகைகளில் ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது, மற்றொன்று 0.15 முதல் 0.2 வரை. சிறிய வகையில் 100 புழு இருந்தாலே தினமும் 3 மில்லிலிட்டர் இரத்தம். அதில் சுமார் ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. ஒரு பகுதியைக் குடலே திரும்ப ஈர்த்துக்கொள்ளும் என்றாலும், மிச்சம் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டேயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேர்ந்தால், கணக்கில் கடன் மட்டுமே மிஞ்சும்.

இந்தக் கணக்கை 1934இல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மருத்துவக் குழு நேரடியாகக் காட்டியது. கொக்கிப் புழு உள்ள சோகை நோயாளிகளுக்குப் புழுவை அகற்றாமலே இரும்பு மருந்தை நிறையக் கொடுத்தார்கள். இரத்தம் ஊறியது. புழு ஏதோ நஞ்சு கக்குவதால் சோகை வருகிறது என்ற பழைய கருத்து அத்தோடு வலுவிழந்தது. நஞ்சு அல்ல, இரும்பு இழப்புதான் காரணம். ஆனால், இரும்பு மட்டும் கொடுத்து நிறுத்தினால் புழு மீண்டும் கணக்கைக் காலி செய்யும். புழு மருந்து, கழிப்பிடம், செருப்பு, நல்ல உணவு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் நிரந்தரத் தீர்வு.

தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு கேள்வி நின்றது. சோகை உள்ள தொழிலாளி குறைவாக வேலை செய்வதற்கு இரும்புக் குறைதான் காரணமா? அல்லது அவர் இயல்பே அப்படியா? இதற்கு விடை கிடைத்த இடங்கள் இரண்டு. ஒன்று ரப்பர்த் தோட்டம், மற்றொன்று தேயிலைத் தோட்டம். இரு ஆய்வுகளும் வெளியான ஆண்டு 1979.

முதலாவது, இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நடந்தது. ரப்பர் பால் வெட்டும் ஆண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்கள் கொண்டுவரும் பாலையும் அளந்தார்கள். சோகை உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் பால் எடுத்தார்கள். பிறகு 60 நாள்கள் தினமும் 100 மில்லிகிராம் இரும்பு கொடுக்கப்பட்டது. சோகை இருந்தவர்களின் உற்பத்தி ஏறி, மற்றவர்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. அதே மனிதர், அதே கத்தி, அதே மரம். மாறியது இரத்தம் மட்டுமே.

இரண்டாவது, இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையினர் தமிழ்ப் பெண்கள். ஒரு பிரிவினருக்கு இரும்பு மாத்திரையும் மறு பிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. இரும்பு பெற்றவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். சோகை எவ்வளவு கடுமையாக இருந்ததோ, முன்னேற்றமும் அவ்வளவு தெளிவாக இருந்தது. உடல் அசைவை அளக்கும் கருவியையும் பொருத்திப் பார்த்தார்கள். அவர்களின் நடமாட்டமும் சுறுசுறுப்பும் யாரும் சொல்லாமலே கூடியிருந்தன.

தராசும் கருவியும் சொன்ன தீர்ப்பு அது. கங்காணியின் ஏச்சுக்கும் துரையின் முகச்சுளிப்புக்கும் ஆளான எத்தனையோ பேருக்குக் காலம் கடந்து கிடைத்த நியாயம்.

மசாலாத்தூளில் வந்த இரும்பு

நோயின் காரணம் தெரிந்தது. அதை உணவிலேயே தடுக்க முடியுமா? அதற்கான ஒரு நல்ல முயற்சியும் கடல் கடந்த இந்தியர்களிடையேதான் நடந்தது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' கப்பல், ஒப்பந்தக் கூலிகளின் முதல் பிரிவை தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பன் வட்டாரக் குடியிருப்பு ஒன்றில், இந்தியப் பெண்கள் பலருக்கு இரும்புக் குறை இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள்.

மாத்திரை கொடுத்தால் நாலு நாள் சாப்பிட்டு விட்டுவிடுவார்கள். எந்த வீட்டிலும் தினமும் தவறாமல் பயன்படும் பொருள் எது? குழம்புக்குப் போடும் மசாலாத்தூள்! பருப்பிலும் தானியத்திலும் உள்ள பொருள்கள் தடுத்தாலும் உடலில் சேரக்கூடிய ஒரு வகை இரும்புக் கலவையை மசாலாவில் கலந்தார்கள். சில குடும்பங்களுக்கு அது, மற்றவர்களுக்கு வழக்கமான மசாலா. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 1989இல் வெளியானது. இரும்பு கலந்த மசாலாவைப் பயன்படுத்திய பெண்களிடையே இரும்புக் குறைச் சோகை நூற்றுக்கு 22லிருந்து 5ஆகக் குறைந்தது. சமையலை மாற்றச் சொல்லவில்லை, ருசியைக் குறைக்கவில்லை. மக்கள் உண்ணும் உணவை மதித்து அதற்குள்ளேயே மருந்தை வைத்ததுதான் அதன் வெற்றி.

தோட்டம் போன பின்னும்

இன்று நிலைமை மாறிவிட்டது. மலேசியாவில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துப் பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். செருப்பும் கழிப்பறையும் எல்லாருக்கும் உண்டு. கொக்கிப் புழுவின் ஆதிக்கம் பெரிதும் ஒடுங்கிவிட்டது. ஆனால், சோகை போகவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மலேசியப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குச் சோகை இருப்பதாகத் தெரிய வந்தது.

அன்று ஏசியவர் கங்காணி. இன்று அந்த வேலையை வீட்டில் உள்ளவர்களே செய்கிறார்கள். படிக்கும் மகள் களைத்துப் படுத்தால், "எந்நேரமும் கைப்பேசி" என்கிறார்கள். அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்தால், "வயதாகிவிட்டது" என்கிறார்கள். கர்ப்பிணிக்கு இரும்புக் குறை இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு இரும்பு குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படுகின்றன. பரம்பரையாகத் தொடரும் நட்டம் அது.

சில எளிய வழிகள் உண்டு. சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விடலாம். உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தேயிலை பெருமளவு தடுப்பதை 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தே தாரே வேண்டுமென்றால் பசியாறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அதற்குப் பதிலாக, சாப்பாட்டோடு கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறு போன்றவற்றைச் சேர்த்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைச் சேர்க்க உதவும். மீன், இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு அவை நல்ல துணை. சைவ உணவுக்காரர்கள் பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றின் அளவைக் கூட்டுவது நல்லது.

ஆனால், களைப்பு வந்ததும் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது சரியல்ல. எல்லாச் சோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நெசவாலைப் பெண்களின் கர்ப்பகாலச் சோகை ஒன்று ஈஸ்ட் சாரத்தால் குணமாவதைக் கண்டார். அங்கே குறைந்திருந்தது இரும்பு அல்ல, பின்னர் ஃபோலேட் என்று பெயரிடப்பட்ட சத்து. மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடும் பரவலாக உண்டு. நான்காம் படிவ மாணவர்களுக்கு அதற்கான சோதனை 2016இல் தொடங்கப்பட்டது. தலசீமியா உள்ள சிலருக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். வெளியேற்ற வழியில்லாத இரும்பு, கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ இரத்தக் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். புண்ணோ புற்றுநோயோ அப்படித்தான் முதலில் தலைகாட்டக்கூடும்.

ஆகவே, முதல் வேலை இரத்தச் சோதனை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது, ஆணுக்கு 13. சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் மருத்துவர் பார்ப்பார். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு காலை நேரம் போதும்.

பெரட்டுக் களத்தில் வெளுத்த முகத்தோடு நின்ற அந்தப் பெண்ணிடம், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்க அன்று ஆள் இல்லை. அவளுடைய பேத்தி இன்று தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியற்காலையில் நிற்கக்கூடும். அவள் களைத்து உட்கார்ந்தால், ஏசும் முன் அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.